நிறுத்தி வைத்த ஆட்டம்

இட்லி மாவு வாங்கக் கீழே போன ஜவஹர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது ஹாலில் டி.வி. ஓடவும் இல்லை, அணைந்தும் இல்லை. பந்து வீச வந்தவன் ஒரு கால் தரையிலும் ஒரு கால் காற்றிலுமாக, வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றிருந்தான். திரையின் கீழ் ஓரத்தில் இரண்டு குட்டிக் கோடுகள் தெரிந்தன. ரிமோட்டில் யாராவது பாஸ் பட்டனை அமுக்கினால்தான் அந்தக் கோடுகள் வரும்.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி சுந்தரவல்லி இறந்துபோய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, வந்த உறவெல்லாம் ஊருக்கு ரயிலேறி ஒரு வாரம் ஆகிறது. ரிமோட் அவர் வைத்த இடத்திலேயே, சோபாவின் கைப்பிடி மேல் கிடந்தது.

"நாமதான் அமுக்கிட்டுப் போயிருப்போம்," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடு முழுக்க அதைத் தேடுகிற அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு இதெல்லாம் சகஜம். பட்டனை அமுக்கினார். நின்றவன் ஓடிவந்து பந்தை வீசினான். ஆட்டம் ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறது என்று திரை காட்டியது. சுவர்க் கடிகாரத்தில் எட்டு இருபத்தைந்து. அப்படியானால் எட்டு இருபதுக்கு நிறுத்தியிருக்க வேண்டும். எட்டு இருபதுக்கு முனைக் கடையில் மாவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தோம் என்பது தோசையைத் திருப்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. தோசை கருகிவிட்டது.

டி.வி.க்கு அடியில் இருந்த பெட்டி சாதாரண செட்டாப் பாக்ஸ் இல்லை. ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்தலாம், பதிந்துகொள்ளலாம், அரை மணி கழித்து வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். தி. நகரில் இருபத்தேழு வருடம் நடத்திய ஜாக்கெட் துணிக் கடையைத் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டு ஜவஹர் வீட்டோடு உட்கார்ந்தது மனைவிக்காக. இரண்டு வருடம் முன்பு பக்கவாதத்தில் சுந்தரவல்லிக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டிலில் கிடந்தபடி இடது கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்திருப்பாள். கல்யாணச் சீரில் வந்த டம்ளர், அவள் பேர் வெட்டியது. எது வேண்டுமானாலும் அதை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டுவாள். டங், டங். இரண்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவள் தட்டுகிற நேரமெல்லாம் ஆட்டம் சூடு பிடிக்கிற நேரமாகவே அமைந்து தொலைத்ததால்தான் இந்தப் பெட்டியை வாங்கினார்.

வந்தவர்களிடம் அதைப் பெருமையாகவும் சொல்வார். "அவ தட்டினா ஒரு பட்டன், அவ்வளவுதான். ஆட்டம் எனக்காகக் காத்துக் கிடக்கும்." கேட்டவர்கள் உருகிப் போனார்கள். பெண்டாட்டிக்காகக் கிரிக்கெட்டையே நிறுத்தி வைக்கிற மனுஷன்! ஆதம்பாக்கத்தில் இருக்கும் மகள் அனுப்ரியா இதைத் தன் புருஷனிடம் சொல்லிக் காட்டாத நாளில்லை. அந்த மகளுக்கும் அவர் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். "சாயங்காலம் விளக்கு வச்ச பிறகு போன் பண்ணாதம்மா. அம்மா முழிச்சுக்கிடுவா." அவளும் அப்பாவின் அக்கறையை மெச்சிக்கொண்டு காலையில் மட்டும் கூப்பிடுவாள், அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை.

இனி அந்த நாளைச் சொல்லிவிட வேண்டும். அன்று சாயங்காலம் சுந்தரவல்லி இரண்டு தடவை தட்டிவிட்டிருந்தாள். ஒரு தடவை தண்ணீருக்கு, ஒரு தடவை விளக்கு கண்ணில் அடிக்கிறதென்று. மூன்றாம் தடவை தட்டியபோது மணி எட்டு இருபது. இன்னும் ஒன்பது ஓவர் இருந்தது. ஜவஹர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை. அவசர அவசரமாக நாலைந்து, பிறகு ஒன்று, பிறகு கம்பியின் மேல் டம்ளர் தேய்கிற சத்தம். இந்தத் தட்டல் வேறு என்பது அவருக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. "கொஞ்சம் பொறுத்தா என்னவாம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டத்தை ஓடவிட்டு, பதினெட்டில் இருந்த சத்தத்தை முப்பத்தொன்றுக்கு ஏற்றினார்.

நாற்பத்தொரு நிமிடம் கழித்து, ஜெயித்த சந்தோஷத்தோடு உள்ளே போனார். டம்ளர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிய அவளுடைய இடது கை கம்பிகளுக்கு நடுவே தொங்கியது. கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. சளி மூச்சை அடைத்துவிட்டது என்றார் டாக்டர். அரை மணி முன்னால் கவனித்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொன்னார்.

"அசந்து தூங்கிட்டேன் டாக்டர்," என்று ஜவஹர் குலுங்கி அழுதார். அழுகை உண்மைதான், தூக்கம்தான் பொய். ஊரும் உறவும் அதற்காக அவரை இன்னும் ஒரு படி மேலே தூக்கி வைத்தன. ராப்பகலாய்ப் பார்த்த மனுஷன், உடம்பு தாங்கவில்லை பாவம், என்றார்கள். அந்தப் பேர் ஒன்றுதான் இனி அவருக்கு மிச்சம். அது போனால் அனுப்ரியா அவர் முகத்தில் விழிக்க மாட்டாள்.

மாவு வாங்கின மறுநாள், எட்டு இருபதுக்கு, அவர் கண்ணெதிரே செய்தி வாசிப்பவள் வாயைத் திறந்தபடி நின்றாள். அதற்கு மறுநாள் ஒரு பாட்டுப் போட்டி நின்றது. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார். பிறகு பேட்டரியையே கழற்றி வைத்தார். அன்றும் நின்றது. டி.வி. ஓய்ந்ததும் வீட்டின் மற்றச் சத்தங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மின்விசிறியின் கிறீச், குளிர்சாதனப் பெட்டியின் முனகல், கீழ் வீட்டுக் குக்கரின் மூச்சு, தெருவில் சரக்கு ஆட்டோ பின்னால் வரும்போது போடுகிற பாட்டு, மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் கிளம்புகிற ஓசை. அவை எல்லாவற்றுக்கும் அடியில், மூடியிருந்த படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், ஒன்று.

டங்.

பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்திருக்கும். அறையில் கட்டிலே இல்லை, அதை வாடகைக் கடைக்காரன் மூன்றாம் நாளே தூக்கிக்கொண்டு போய்விட்டான். டி.வி.யையே அணைத்துவிட்டால் என்ன என்று ஒரு நாள் அணைத்தும் பார்த்தார். சும்மா இருந்த வீட்டில், எப்போது கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு டி.வி.யே தேவலை என்றாகிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.

வடபழனியிலிருந்து பாக்ஸ் மெக்கானிக் ஷரீஃப் பகலில் வந்தான். மூடியைக் கழற்றித் தூசி ஊதினான், ஒயரைப் பிடுங்கி மாட்டினான்.

"பாக்ஸ்ல ஒரு கொறையும் இல்ல சார். ரிமோட்ல அமுக்குனா நிக்கும். யாரோ அமுக்கிக்கினு கீறாங்கோ."

"நான் ஒருத்தன்தான் இருக்கேன் வீட்டுல."

ஷரீஃப் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பதிவுகளின் பட்டியலைத் திறந்தான். "டிஸ்க்கு ரொம்பிக் கீது சார், அதனால கூட முக்கலாம். பழசெல்லாம் அழிச்சிர்றேன்." சமையல் நிகழ்ச்சி போயிற்று, பட்டிமன்றம் போயிற்று. கடைசியில் ஒன்று மிஞ்சியது. அந்த நாளின் ஆட்டம். "இதையும் தூக்கிறவா?"

"முதல்ல அதைத்தான் தூக்கணும்."

ஷரீஃப் இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அழிய மாட்டேங்குது சார். யாரோ பாத்துக்கினு கீறாங்களாம், பாத்து முடிச்சாத்தான் அழிக்க முடியும்னு சொல்லுது. விட்ட எடத்துலருந்து இன்னும் நாப்பத்தியோரு நிமிசம் பாக்கியாம். லூசு பாக்ஸ் சார் இது. அடுத்த வாரம் வேற எடுத்தாந்து மாட்டறேன்."

மறுநாள் காலை வேலைக்கு வந்த கங்கம்மா, துடைப்பத்தைத் தொடுவதற்கு முன் மஞ்சப் பையிலிருந்து அந்த டம்ளரை எடுத்து மேஜை மேல் வைத்தாள். சுந்தரவல்லியின் புடவைகளோடு அதையும் ஜவஹர்தான் அவள் தலையில் கட்டியிருந்தார்.

"இந்தா அய்யா. பொடவ இருக்கட்டும், இது எனக்கு வாணாம்."

"ஏன் கங்கம்மா? நல்ல கனமான டம்ளராச்சே."

"வாணாம்னா வுடு. வூட்ல வெச்சதுலருந்து என் பொண்ணுக்குத் தூக்கம் இல்ல." ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத. அம்மா போன அன்னிக்கு நான் மூணாவது மாடில வேலையா இருந்தேன். உன் வூட்டு டிவி சத்தம் அங்க வரிக்கும் கேட்டுச்சு. நடுவுல நின்னுச்சு. அப்பறம் முன்ன விடப் பெரிசா கேட்டுச்சு. நீ இன்னாடான்னா தூங்கிட்டேன்ற. அவ்ளோ சத்தத்துல எப்டிபா தூங்குன?"

ஜவஹர் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, மாதம் முடியாமலேயே முழுச் சம்பளத்தையும் எடுத்து நீட்டினார். "நாளையிலருந்து வர வேணாம். ஒருத்தனுக்கு என்ன வேலை, நானே பார்த்துக்கிடுவேன்." அவள் வாங்கிக்கொண்டாள். அவள் படி இறங்கியதும் அவருக்கு மூச்சு வந்தது. இனி இந்த வீட்டுக்குள் யாரும் வரப்போவதில்லை.

டம்ளரைப் படுக்கையறைக் கதவை ஒட்டியிருந்த ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்று எட்டு இருபதுக்கு டி.வி. நின்றது. மின்விசிறி. குளிர்சாதனப் பெட்டி. தெரு. டங், டங், டங் டங். இரண்டும் இல்லை. மூன்றும் இல்லை. பிறகு ஒன்று. பிறகு இரும்பின் மேல் தேய்கிற சத்தம். பக்கத்து வீடு இல்லை. மிக்ஸி இல்லை. உள்ளேதான். அன்றைக்குப் போகாத அறைக்கு இன்றைக்கு எழுந்து போனார். அவ்வளவு பயத்திலும் போனார், இன்னொரு தடவை சத்தத்தைக் கூட்டி வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கதவைத் தள்ளினார். இருட்டு. தைல வாடை. தரையில் கட்டில் கால்கள் விட்டுப் போன நான்கு துருக்கறைகள். மேடை மேல் டம்ளர் இல்லை. விளக்குப் பொத்தானுக்குக் கை நீட்டி ஓரடி வைத்தார். கால் ஈரத்தில் பட்டது. காலி டம்ளரைத்தானே வைத்தோம்?

வழுக்கியது. மேடையின் விளிம்பு பின்மண்டையில் இறங்கியது.

கண் திறந்தபோது கன்னத்துக்குக் கீழே தண்ணீர் சில்லென்று இருந்தது. எழப் பார்த்தார். வலப்பக்கம் வரவில்லை. கை, கால், எதுவுமே. கத்தினார். நாக்கு புரளவில்லை, ஏதோ ஒரு முனகல் வந்தது. ஹாலில் டி.வி. மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. வர்ணனை செய்கிறவனின் குரலை உடனே தெரிந்துகொண்டார். இன்னும் ஒன்பது ஓவர் இருக்கிறது என்றான் அவன்.

அனுப்ரியா விளக்கு வைத்த பிறகு கூப்பிட மாட்டாள். கங்கம்மா வர மாட்டாள். ஷரீஃப் அடுத்த வாரம்.

இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் டம்ளர் உருண்டு கிடந்தது. எட்டிப் பிடித்தார். ஜன்னலுக்குக் கீழே ஓடிய இரும்புக் குழாயில் தட்டினார். டங். டங். அவசரமாக நாலைந்து.

ஹாலில் ஆட்டம் நின்றது.

கேட்டுவிட்டது. யாருக்கோ கேட்டுவிட்டது. ஜவஹர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சோபாவின் ஸ்பிரிங் மெல்ல முனகியது. இன்னொரு தடவை தட்டினார். யாரோ காது கொடுத்துக் கேட்கிற அமைதி. வந்துவிடு. வந்துவிடம்மா. திறந்த கதவு வழியாக சோபாவின் ஒரு கைப்பிடி மட்டும் தெரிந்தது. அதன் மேல் ரிமோட். ரிமோட்டின் மேல் மெலிந்த ஒரு இடது கை. மணிக்கட்டில் பிளாஸ்திரி.

கட்டைவிரல் அசைந்தது.

ஆட்டம் ஓடத் தொடங்கியது. எதிர்ச் சுவரில் திரையின் பச்சை வெளிச்சம் துள்ளியது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று சத்தம் ஒவ்வொன்றாக ஏறியது. டம்ளரின் சத்தம் அவர் காதுக்கே கேட்காமல் போனது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். முப்பத்தொன்றில் கட்டைவிரல் நின்றது. இன்னும் நாற்பத்தொரு நிமிடம் இருந்தது.