பலாக்கட்டைக்குள் இன்னொரு உளி

லேத்தை நிறுத்திய பிறகும் மரம் சீவும் சத்தம் நிற்கவில்லை.

முபீனா உளியை விலக்கிக்கொண்டு காத்திருந்தாள். சுழன்றுகொண்டிருந்த பலாக்கட்டை வேகம் தளர்ந்து அசைவற்று நின்றது. முதுநகர்த் துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த மழைக்காற்றில் கருவாட்டு வாடை அடித்தது. பட்டறைக்குள் மிதந்த மரத்தூளின் இனிப்பு மணத்தோடு அது கலந்து நெஞ்சை அடைத்தது. தகரக் கூரையில் தூறல் பொரிந்தது. இத்தனைக்கும் அடியில், மரத்தை இரும்பு வழிக்கும் அந்தச் சத்தம் மட்டும் சீராகக் கேட்டுக்கொண்டேயிருந்தது. கட்டைக்குள்ளிருந்து.

வாசலில் கணவன் ஷாகிர் வந்து நின்றான்.

"மக்ரிப் தொழுவ நேரம் ஆவப்போவுது. இன்னும் என்னத்த கொடஞ்சிக்கிட்டு கெடக்குற?"

"மச்சான், இதுல காத வச்சுக் கேளுங்க."

கேட்டவன் முகம் வெளுத்தது. "வாணாம் புள்ள. இத ஆத்துல தூக்கிப் போட்டுடலாம்."

"விடிஞ்சா சிதம்பரத்துல மரக்கடைசல் போட்டி. போன வருசம் அத்தன பேர் முன்னாடி, 'இது ஒன் வூட்டுக்காரர் கடஞ்சதுதான'ன்னு கேட்டாங்களே, மறந்துட்டீங்களா? இந்தக் கிண்ணத்த முடிக்காம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"நான் ஓடிப்போயி பள்ளிவாசல் ஹஜ்ரத்தக் கூட்டியாறேன். அதுவரைக்கும் தொடாத."

அவன் ஓடினான். அவள் சுவிட்சைப் போட்டாள்.

பயமில்லாமல் இல்லை. ஆனால் அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. அவள் உளியை அழுத்தினாள், உள்ளிருந்தும் ஏதோ அழுத்தியது. அவள் வேகம் கூட்டினாள். உள்ளேயும் வேகம் கூடியது. எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ அதே கிண்ணத்தைக் குடைந்துகொண்டு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஈரமேயில்லாமல் காய்ந்து கிடந்த கட்டையில், இப்போது உளிபட்ட இடமெல்லாம் பால் கசிந்தது. பிசுபிசுவென்று விரல்களில் ஒட்டியது.

"வா," என்றாள். "யாரு முந்துறாங்கன்னு பாத்துடலாம்."

மின்சாரம் போனது.

லேத் நின்றது. சீவல் நிற்கவில்லை.

செல்போன் விளக்கைக் கிண்ணத்துக்குள் அடித்தாள். அடிப்பகுதி தோலைப்போல் மெலிந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நிழல் முன்னும் பின்னும் அசைந்தது. பின்னால் இருக்கவேண்டியது லேத்தின் இரும்பு. ஆள் இருக்க இடமே இல்லை.

மரம் கீறல் விட்டது.

ஒரு உளிமுனை எட்டிப்பார்த்தது. பால் சொட்டியது. அதைத் தொடர்ந்து விரல்கள்.

முபீனா பின்வாங்கவில்லை. தன் உளியை உள்ளே விட்டுக் குத்தினாள்.

"இது என் கிண்ணம்!"

விரல்கள் அவள் உளியைப் பற்றின. அவசரமில்லாமல். இழுத்தன.

அவளும் இழுத்தாள். வாசலில் ஷாகிரின் அலறல் கேட்டது. திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, லேத்தின் மேல் காலை ஊன்றி இழுத்தாள். பிடியை விடவில்லை.

கிண்ணத்தின் ஆழம் ஒரு சாண். அவள் கை தோள்வரை அதற்குள் போயிருந்தது.