பக்கெட்டில் ஒரு கடல் அட்டை

மழை அப்போதுதான் விட்டிருந்தது. பெசன்ட் நகர் கரையில், சாண் நீளத்துக்குச் சொரசொரவென்று ஒதுங்கிக் கிடந்த கடல் அட்டையை ஜொவிட்டா பக்கெட்டில் போட்ட அதே நொடி...

"இன்னா மேடம் பண்றீங்க? இது குற்றம்!"

நிமிர்ந்தாள். காக்கிச் சட்டை. அதற்கு மேலே இரண்டு கண்கள்... எந்தச் சட்டத்திலும் அடங்காத கண்கள்.

"நான் விஞ்ஞானி! இது மேல வாழற பாக்டீரியாவுல புது ஆன்டிபயாடிக் தேடறேன். மனுஷ குலத்தையே காப்பாத்தப் போறேன்!"

மனித குலம் காத்திருந்ததோ என்னவோ, அவளுடைய கைடு காத்திருக்கவில்லை. இந்த மாதம் பலன் இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

"காப்பாத்துங்க. ஆனா புலிக்கும் கடல் அட்டைக்கும் ஒரே சட்டம்" என்றான் வனக்காவலர் புகழேந்தி, தானே புலி போல.

பத்தடியில் கடல். அதில் திருப்பி விட மேலிடத்து உத்தரவு வேண்டுமாம்! அதுவரை ஆமைக் காப்பகக் கொட்டகையில், பக்கெட்டோடு கஸ்டடி.

மறுநாள் கையுறை மாட்டி, பஞ்சுக்குச்சியோடு வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க அல்ல. அவளுடைய சாந்தோம் குடும்பத்தில் அந்தப் பழக்கம் சர்ச்சில் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தோடு சரி.

"அட்டை சர்க்காருது. அது மேல இருக்கற பாக்டீரியா?"

சட்டப் புத்தகத்தைப் புரட்டினான். தலையைச் சொறிந்தான்.

"அது... லிஸ்ட்ல இல்ல."

"அப்ப நகருங்க சார்."

ஒரு தடவை எடுத்தால் விஞ்ஞானம் ஒத்துக்கொள்ளாதாம்... தினமும் வந்தாள். அவன் தினமும் புதுக் கடல்நீர் மாற்றினான். அவன் சட்டைக்கு இஸ்திரி வந்தது. அவள் கூந்தலுக்கு மல்லிகை வந்தது. பஞ்சுக்குச்சிக்கு எதற்கு மல்லிகை என்று அட்டை கேட்கவில்லை.

ஒரு மழை மாலை. புகழேந்தியின் விறைப்பு, நனைந்த அப்பளம் மாதிரி தொய்ந்திருந்தது.

"மேடம்... உத்தரவு திங்கக்கெழமையே வந்துடுச்சு. அட்டையை அன்னிக்கே கடல்ல விட்டுட்டேன்."

"அப்ப பக்கெட்ல?"

"பாவக்காய்... நீங்க வராம போயிடுவீங்களோன்னு..."

அலைகூட ஒரு கணம் யோசித்தது.

"தெரியாமலா நாலு நாளா தடவிக்கினு இருக்கேன்? காம்பு இருக்குய்யா அதுல!"

"அப்ப... எதுக்கு வந்தீங்க? உங்க ஆராய்ச்சி?"

"மொத நாள் எடுத்த பாக்டீரியாவே போதும். லேப் தட்டுல எந்த மருந்துக்கும் சாகாத கிருமியைச் சாகடிச்சிடுச்சு. கைடே ஸ்வீட் வாங்கிக் குடுத்தாரு." பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே அவள் ஒப்புக்கொண்ட முதல் உண்மை இது. கன்னம் சிவந்தது. "எதுக்கு வந்தேன்னு நீயே விசாரிச்சுக்கோ. கஸ்டடிலதானே இருக்கேன்..."

அவன் மெல்ல அவள் கையைப் பிடித்தான்... கையுறையோடு.

"விடணும்னா மேலிடத்து உத்தரவு வேணும், ஜொவிட்டா."

"வரவே வேணாம்" என்றாள், கையுறையைக் கழற்றிக்கொண்டே.