இடப்பக்கம் மட்டும் திரும்புகிறவன்

“சாவி எங்கடி?”

காலை ஆறரை மணிக்கு மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்று கேட்ட முதல் வார்த்தையே அதுதான். மருமகள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரிச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. அலமாரிக்குள்ளே அவள் கணவனின் பூட்ஸ் இருந்தது.

“கேக்குறது காதுல விழல? அவன் பூட்ஸை உள்ள வெச்சுப் பூட்டியிருக்கியாமே! இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா உனக்கு?”

தெரியாமல் என்ன? சாயங்காலம் நாலு மணிக்குக் கால்பந்து ஆட்டம். ஜெயித்தால் ஊர்க் கிளப் முதல் பிரிவிலேயே நிற்கும். தோற்றால் கீழே இறங்கிவிடும். அவள் கணவன் பதினாலு வருஷத்தில் பதினோரு கிளப்புக்கு ஆடிவிட்டு, தொடங்கின கிளப்புக்கே திரும்பி வந்திருந்தான். கடைசி ஒன்பது வருஷமாக எங்கேயும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. பெட்டிக்காரன் என்றுதான் கூட ஆடியவர்கள் அவனைக் கூப்பிடுவார்கள். ஆனால் பந்து மட்டும் காலுக்கு வந்துவிட்டால்... கோலுக்கு முதுகைக் காட்டியபடியே வாங்கி, இடப்பக்கமாக ஒரே சுற்று! கோல்கீப்பர் கையை நீட்டுவதற்குள் வலை குலுங்கும்.

“வேண்டாம் அத்தை... இன்னைக்கு அவரு ஆட வேண்டாம்.”

அவ்வளவுதான். மாமியார் கொதித்துப் போனாள்.

“அதானே பாத்தேன்! ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி அவ்வளவு பெரிய கிளப் என் புள்ளையைத் தேடி வந்து கூப்பிட்டுச்சு. அவ்வளவு தூரம் நான் வரமாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணி அவன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டே! அன்னைக்கு அவன் போயிருந்தா இன்னைக்கு எங்கேயோ இருந்திருப்பான். இப்படி ஊர் ஊரா பெட்டியத் தூக்கிட்டு அலைஞ்சிருப்பானா? லாண்டரியில ஊர்த்துணி வெளுத்து, சலவைச் சோடாவுல கை வெந்து அவனை ஆளாக்கினவ நான்... கெடுக்கறதுக்குன்னு நீ வந்து வாய்ச்சியே!”

மாமியார் நீட்டிய கைகளை அவள் பார்த்தாள். பொய்யில்லை. உள்ளங்கையில் ரேகையே அழிந்துபோயிருந்தது. அதனால்தான் இத்தனை வருஷமும் அவளால் திருப்பி ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

கூடத்தில் கணவன் நின்றிருந்தான். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“விடும்மா...” என்றான்.

நடந்தது இதுதான். அந்தப் பெரிய கிளப்பில் சேர்க்கும் முன் டாக்டர் அவனைச் சோதித்தார். வலது முழங்காலுக்குள் சவ்வு பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது என்று சொல்லி, சேர்க்காமலே அனுப்பிவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் வேறு எந்தக் கிளப்பும் சீந்தாது. அம்மாவிடம் சொன்னால் லாண்டரி முழுக்கச் சொல்லி அழுவாள். மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் அவன் அம்மாவிடம் வேறு ஒன்று சொன்னான்: “அவ வரமாட்டேன்னுட்டாம்மா.” அப்புறம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். “கொஞ்ச நாளைக்குத்தான்... நீ தாங்கிக்க.”

அவள் நர்ஸாக இருந்தவள். வேலையை விட்டுவிட்டு அவன் பின்னாலேயே போனாள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, வீங்கின முழங்காலில் ஐஸ் வைத்துக் கட்டுவாள். வலப்பக்கம் திரும்பினால் கால் மடங்கிவிடும் என்பதால்தான் அவன் இடப்பக்கமே சுற்றப் பழகினான். அதைப் பத்திரிகைக்காரர்கள் தனி ஸ்டைல் என்று புகழ்ந்து எழுதினார்கள்! கால் காட்டிக் கொடுப்பதற்குள் அவனே கிளப்பை விட்டுக் கிளம்பிவிடுவான். ஒவ்வொரு தடவையும் வீட்டைக் காலி செய்தவள் அவள்தான். ‘ஒரு இடத்துல தங்க விடமாட்டா’ என்று பெயர் வாங்கினவளும் அவளே.

போன வாரம் அவர்கள் ரகசியமாகப் போய்ப் பார்த்த வெளியூர் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு ஓடினால் மூட்டு மொத்தமாகப் போய்விடும். அப்புறம் ஆயுசுக்கும் ஊன்றுகோல்தான்.

இன்றைக்கு அவன் ஊசி போட்டுக்கொள்ளத்தான் போகிறான்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கணவன் கையில் வைத்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“ஒம்பது வருஷமா நான் வாயத் தொறக்கல. இனியும் தொறக்க மாட்டேன், உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன். ஆனா உங்க கால் போறத நின்னு வேடிக்கை பாக்க என்னால ஆகாது.” பிறகு உரக்கவே சொன்னாள்: “நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்.”

“போகட்டும்! பீடை ஒழியட்டும்!” என்றாள் மாமியார்.

அவன் அலமாரியைத் திறந்தான்.

மதியம் அம்மாவும் மகனும் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அவள் பெட்டியை அடுக்கி முடித்தாள். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். எங்கேயோ ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்லி முழங்கியது. போட்டது போட்டபடி கிடக்க, செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

வீரர்கள் உடை மாற்றும் அறைக்கு வெளியே நீளமான நடைவழி. அங்கே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மாமியார், மகனின் சட்டையைத் தன் கையால் நீவிக்கொண்டிருந்தாள். கிளப் டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருக்க, கோச் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க... வேண்டாங்க!”

மாமியார் சீறிக்கொண்டு எழுந்தாள். “இங்கயும் வந்துட்டியா! கால்வலிக்கு ஒரு சின்ன ஊசி, அதுக்கா இந்தக் கூப்பாடு? நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கறியே... இன்னும் என்னத்தக் கெடுக்கணும் உனக்கு? நீ காலடி வெச்ச அன்னைக்கே என் புள்ளைக்கு விளங்காமப் போச்சு!”

நடைவழி முழுக்க வீரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாம். இரண்டு வாக்கியம் போதும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

அதை அவன் பார்த்தான்.

“போதும்மா!”

அவன் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. முழங்கால் கட்டைப் பரபரவென்று பிரித்தான். ஊதி, பழுப்பேறி, ஒரு பக்கம் பிதுங்கிக் கிடந்தது முழங்கால்.

“இதப் பாரும்மா. நல்லாப் பாரு. அந்தக் கிளப்புக்காரங்க என்னை வேண்டாம்னு சொன்னது இதுக்காகத்தான். அவ வரமாட்டேன்னு சொல்லவே இல்ல... அன்னைக்கு மூட்டை முடிச்செல்லாம் கட்டி வெச்சுட்டு முதல் ஆளா நின்னா. பொய் சொன்னது நான்! உன் புள்ள பயந்தாங்கொள்ளிம்மா... அவளை முன்னாடி நிறுத்திட்டு நான் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். நீ திட்டின ஒவ்வொரு திட்டும் எனக்குச் சேர வேண்டியது!”

மாமியார் மெல்லக் குனிந்து, அந்த ரேகையழிந்த கையால் மகனின் முழங்காலைத் தொட்டாள். சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

“இத வெச்சுக்கிட்டா... இத்தனை வருஷம்...”

“அவ கட்டிவிட்டாம்மா. ஓடினேன்.”

“நேரமாகுது. என்ன செய்யப் போறே?” என்றார் கோச்.

“மன்னிச்சிடுங்க கோச். என்னால ஆகாது.”

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

மூவரும் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். ஆட்டம் இழுபறியாகவே போனது. கடைசிப் பத்து நிமிஷம் வரை ஒன்றுக்கு ஒன்று. கோல் முன்னால் பந்து மூன்று தடவை உருண்டு வந்தது. இடப்பக்கமாய்ச் சுற்றி அடிக்க அங்கே ஆளில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் தொடை துடித்ததை அவள் கவனித்தாள். முடிவில் எதிரணி ஒரு கோல் போட்டது. ஊர்க் கிளப் தோற்றது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

கூட்டம் கொந்தளித்தது. நடைவழியில் நடந்தது அதற்குள் வெளியே பரவியிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்: “ஆட வேண்டியவன் பொண்டாட்டி பேச்சக் கேட்டுக்கிட்டு இங்க உக்காந்திருக்கான்யா! எல்லாம் அந்தப் பொம்பளையால வந்த வினை!”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பழக்கந்தானே.

ஆனால் மாமியார் எழுந்து நின்றாள். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யார் கண்டது?

“யார்றா அவன்? ஆமாடா, அவ பேச்சக் கேட்டுத்தான் உக்காந்திருக்கான்! கேட்டதாலதான் நாளைக்கு அவன் சொந்தக் கால்ல நடப்பான்! நீங்க இத்தனை வருஷம் கை தட்டினது பாதி இவளுக்குச் சேரணும்டா... இவளை இனி ஒரு வார்த்தை சொன்னா என் பொணத்தைத் தாண்டித்தான் சொல்லணும்!”

பின்வரிசை அடங்கியது.

மாமியார் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர். “என்னை மன்னிச்சுடுடி தாயி... பெத்த மகன் சொன்னான்னு ஒரு பேச்சு உன்னைக் கேக்காமப் போயிட்டேனே... பாவி நான்!”

“மன்னிக்கறதுக்குக் கொஞ்ச நாளாகும் அத்தை,” என்றாள் அவள். மாமியார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஒன்பது வருஷம் அடக்கி வைத்த அழுகை முழுக்க அந்தத் தோளில் இறங்கியது.

“எனக்கு?” என்றான் அவன் மெதுவாக.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். “உங்களுக்கு அதைவிட நாளாகும்.”

“ஆகட்டும். இருக்கியா?”

படிகள் செங்குத்தாக இறங்கின. அவள் அவனுடைய வலப்பக்கம் போய் நின்று, அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“பாத்து இறங்குங்க. அத்தை, நீங்க முன்னாடி போய்க் கூட்டத்த விலக்குங்க.”