மணிச் சத்தம் கேட்காத பள்ளிக்கூடம்

பொழிச்சலூரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று வாயை மூடிக்கொண்டால், அவருக்குக் கோபம் என்று நினைத்துவிடக் கூடாது. தலைக்கு மேல் விமானம் வருகிறது என்று அர்த்தம். மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானங்கள் மொட்டை மாடிகளை உரசிவிடுவதுபோல் தாழ்வாகப் போகும். அது போய் முடியும்வரை கடைக்காரர் விலை சொல்ல மாட்டார். சண்டை போடுகிறவர்கள்கூட இடுப்பில் கைவைத்துக் காத்திருந்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பொழிச்சலூரில் அதற்கு விமானம் இருந்தது.

வளர்மதி தொடக்கப் பள்ளியிலும் இதே பழக்கம்தான். விமானச் சத்தம் கேட்டால் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்குவார். பிள்ளைகள் அசையாமல் உட்கார வேண்டும். ஐந்தாம் வகுப்பு வெண்ணிலாவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அவள் தூக்கத்தில்கூடப் பேசுகிறவள்.

நல்லவேளை, விமான பாஷை இருந்தது.

அந்த பாஷைக்கு வாய் வேண்டாம், கை போதும். வயிற்றில் வட்டம் போட்டால் பசிக்கிறது. உள்ளங்கையை மேலே தூக்கினால் கிளம்பு. ஒரு கை விரல்களை முட்டியாக மடக்கி இன்னொரு கையால் மூடினால் உள்ளே ஆள் இருக்கிறது, அதாவது தலைமையாசிரியர் அறையில் இருக்கிறார், அந்தப் பக்கம் போகாதே. எதிர் டீக்கடை டிவியில் கிரிக்கெட் ஓடினால், அவள் வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் விக்கி ஸ்கோரை விரலில் சொல்வான். சத்தம் அடங்குவதற்குள் அது வகுப்பு வகுப்பாகத் தாவி, மாடியிலிருந்து கீழே இரண்டாம் வகுப்புவரை போய்விடும்.

பெரியவர்கள் ஒருவருக்கும் இது தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் முதல் விதி.

2006-ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, தாம்பரத்திலிருந்து தினகரன் சார் என்பவர் பள்ளிக்கு வந்தார். பள்ளியில் தீப்பிடித்தாலோ, நிலம் அதிர்ந்தாலோ, பிள்ளைகளுக்கு அடிபட்டாலோ ஆசிரியர்கள் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சி கொடுப்பது அவர் வேலை. மைதானத்தில் விளையாட வந்த பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு மதில்மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆசிரியர்கள் பாடம் படிப்பதைப் பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

புகைக்குள் எப்படிப் போக வேண்டும் என்று காட்டுவதற்காகத் தலைமையாசிரியர் ஜெயவேலு சார் மூக்கில் ஈரக் கைக்குட்டையோடு வராந்தாவில் தவழ்ந்தார். விக்கி சிரித்த சிரிப்பில் மதிலிலிருந்து விழுந்தான். அவனுக்கே முதல் கட்டுப் போட்டுப் பழகினார்கள்.

மாலையில் எல்லோரும் பஜ்ஜி சாப்பிடப் போனார்கள். வெண்ணிலா தண்ணீர் குடிக்க மாடிப்படிப் பக்கம் வந்தாள். அங்கே அவளுடைய வகுப்பாசிரியை சாவித்ரி டீச்சர் தனியாக, கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவியபடி படி இறங்கிக்கொண்டிருந்தார்.

"யாரது?" என்றார் டீச்சர், காலடிச் சத்தம் கேட்டு.

"வெண்ணிலா, டீச்சர். கையப் புடிச்சிக்கவா?"

"வேண்டாம்மா. விழப்போனா மட்டும் சொல்லு."

"இன்னாத்துக்கு டீச்சர் கண்ணக் கட்டிகினு எறங்குறீங்க?"

"நிஜமா புகை வந்தா கண்ணு தெரியாது இல்லையா? அப்ப உங்களை எல்லாம் எப்படிக் கூட்டிட்டு வர்றது? அதான் பழகுறேன்."

அவர் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் அப்படியே இறங்கிப் பார்த்தார். ஒருமுறை தூணில் முட்டிக்கொண்டார். நெற்றியைத் தேய்த்துவிட்டு மறுபடியும் மேலே ஏறினார். வெண்ணிலா தண்ணீர் குடிக்க மறந்து அவர் பின்னாலேயே போனாள். தினமும் திட்டுகிற டீச்சர்தான். ஆனாலும் இந்த உலகத்திலேயே பெரிய ஆள் இவர்தான் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பைச் சாவித்ரி டீச்சரிடமே கொடுத்தார்கள். நீளமாக மணி அடித்தால் எல்லா வகுப்பும் வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும் என்று அவர் திட்டம் போட்டார். அடுத்த வாரம் தினகரன் சார் முன்னால் ஒத்திகை.

மைதானத்தில் தினகரன் சாரும் சாவித்ரி டீச்சரும் நின்றார்கள். ஆயா கிளியம்மாள் மணியை அடிக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து விமானம் வந்தது.

தொட்டில் பழக்கம் லேசில் விடுமா? கிளியம்மாள் கையை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார். ஆசிரியர்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்கள். பிள்ளைகள் சமர்த்தாக உட்கார்ந்தார்கள். தீப்பிடித்ததாகச் சொல்லப்பட்ட கட்டடத்திலிருந்து ஓர் ஈகூட வெளியே வரவில்லை. விமானம் போனபிறகு மிச்ச மணி அடித்தது. பள்ளி அழகாக வரிசையில் வந்தது.

தினகரன் சார் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "டீச்சர், விமானம் போற வரைக்கும் நெருப்பு காத்திருக்காது" என்று மட்டும் சொன்னார்.

தலைமையாசிரியருக்கு முகம் கறுத்துவிட்டது. மறுநாள் பெரிய மணி ஒன்று கொண்டுவந்தார். அடுத்து வந்த விமானம் அதையும் விழுங்கிவிட்டது. மதியம் வெண்ணிலா நோட்டுகளை வைக்க ஆசிரியர் அறைக்குப் போனபோது தலைமையாசிரியர் சாவித்ரி டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை தினகரன் சார் மறுபடி வர்றார். அன்னைக்கும் சரியா வரலைன்னா, பொறுப்பை நாலாம் வகுப்பு தேவானந்தம் சார்கிட்ட குடுத்துடலாம், டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்க சார்" என்றார் சாவித்ரி டீச்சர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

வெண்ணிலாவுக்குப் பொறுக்கவில்லை. தூணில் முட்டிக்கொண்டவர் அவர், பொறுப்பு வேறொருவருக்கா? மணி கேட்கவில்லை என்றால் என்ன, ஸ்கோர் மட்டும் எப்படி எல்லா வகுப்புக்கும் போகிறது என்று யோசித்தாள். யோசித்தவுடன் அவளுக்குப் பயமும் வந்தது. விக்கி கொன்றே போடுவான்.

விஷயத்தைச் சொன்னதும் நினைத்தது போலவே அவன் குதித்தான்.

"இன்னா, டீச்சராண்ட சொல்லப் போறியா? உனக்கு இன்னா பைத்தியமா? சொன்னா அவ்ளோதான், நம்ம பாஷையே காலி. அப்பறம் விமானம் வந்தா சும்மா செவுத்தப் பாத்துகினு குந்திகினு இருக்கணும்."

"நான்தான் உன்னவிட ஜாஸ்தி பேசுறவ. எனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"அப்ப விடு."

"நெஜமா தீப்புடிச்சி, அப்ப விமானம் வந்தா இன்னா பண்ணுவ? ஸ்கோர் சொல்லிகினு இருப்பியா?"

விக்கி நெற்றிக் கட்டைச் சொறிந்தான். அவன் தங்கை ஒன்றாம் வகுப்பில் படித்தாள்.

"எல்லாத்தயும் சொல்லாத" என்றான் கடைசியில். "தேவையானத மட்டும் சொல்லு."

அன்று மாலை வெண்ணிலா டீச்சர் மேசை முன்னால் போய் நின்றாள். விமான பாஷை என்றால் என்ன, அது எப்படி வகுப்பு வகுப்பாகத் தாவுகிறது என்று, தேவையானதை மட்டும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார். "நானும் எத்தனை வருஷமா பார்க்குறேன், விமானம் போறப்ப உங்க கையெல்லாம் ஆடுது" என்றார். "கொசுக்கடின்னு நினைச்சேன்."

"அடிப்பீங்களா டீச்சர்?"

"பாடம் சொல்லிக் குடுக்க வந்தவளை யாராவது அடிப்பாங்களா? மொதல்ல எனக்குக் கத்துக் குடு. மூணு போதும். கிளம்பு, உள்ளே ஆள் இருக்கு, அப்புறம் வகுப்பைச் சொல்ல விரல். மத்ததை நான் கேட்க மாட்டேன்."

அந்த வாரம் வளர்மதி பள்ளி தலைகீழாக மாறியது. பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள், ஆசிரியர்கள் கற்றுக்கொண்டார்கள். தலைமையாசிரியருக்குக் கை சொன்னபடி கேட்கவில்லை. கிளம்பு என்பதற்கு அவர் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். 'சாருக்குப் பசி' என்று பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை தினகரன் சார் வந்தார். "இன்னைக்கு நானே விமானத்துக்காகக் காத்திருக்கேன்" என்று சொல்லி மைதானத்தின் நடுவில் நின்றார். பக்கத்தில் சாவித்ரி டீச்சர். அவர் கைகள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஐந்தாம் வகுப்பைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டார்.

விமானம் வந்தது. ஜன்னல் கம்பிகள் நடுங்கின. சாவித்ரி டீச்சர் உள்ளங்கையைத் தூக்கினார்.

ஜன்னலிலிருந்து விக்கி பார்த்தான், தூக்கினான். வாசலில் உட்கார்ந்திருந்த வெண்ணிலா அதை வாங்கி நான்காம் வகுப்புக்குக் கொடுத்தாள். அது படியில் இறங்கி மூன்றாம் வகுப்புக்குப் போனது. இரைச்சலுக்கு நடுவே பெஞ்சுகள் காலியாயின. ஐந்தாம் வகுப்பு வரிசையாகப் படியிறங்கியது. ஓடக் கூடாது, வரிசையை விடக் கூடாது, திரும்பிப் போகக் கூடாது. எல்லோரும் மனப்பாடம் செய்த விதி.

படி திரும்பும் இடத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியாகச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஒன்றாம் வகுப்பு தெரியும். வெண்ணிலா எட்டிப் பார்த்தாள்.

ஒன்றாம் வகுப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டாம் வகுப்புப் பையன் வாசலில் நின்று கையைத் தூக்கிவிட்டுப் போயிருந்தான். சின்னப் பிள்ளைகளுக்கு விமான பாஷை தெரியாது. புது விளையாட்டு என்று நினைத்து எல்லோரும் குஷியாகக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். புஷ்பலதா டீச்சர் பழக்க தோஷத்தில் கரும்பலகையில் ஆனா ஆவன்னா எழுதிக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் நிற்பவர்களுக்கு அந்த அறை தெரியாது. கத்தினால் கேட்காது. ஓடிப்போய்ச் சொன்னால் வரிசை உடையும். வெண்ணிலா வரிசையிலேயே நடந்தாள். வெளியே வந்ததும் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, ஒரு முட்டியை இன்னொரு கையால் மூடினாள். பிறகு ஒற்றை விரலைக் காட்டினாள். மறுபடியும் மூடினாள். மறுபடியும் ஒற்றை விரல்.

டீச்சர் பார்க்கவில்லை. நான்காம் வகுப்பை எண்ணிக்கொண்டிருந்தார். வெண்ணிலா கையை இறக்கவே இல்லை. அவள் பின்னால் வந்த விக்கி அதைப் பார்த்தான். உள்ளே இருப்பது அவன் தங்கையின் வகுப்பு. அவனும் கையைத் தூக்கினான். அவனுக்குப் பின்னால் இருந்தவர்களும் தூக்கினார்கள். ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு நடந்து வந்தது.

சாவித்ரி டீச்சர் நிமிர்ந்தார். ஒரு கணம் புரியாமல் நின்றார். அடுத்த கணம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டடத்தைப் பார்த்து ஓடினார். அந்த வழி அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

விமானச் சத்தம் தேய்ந்து அடங்கியபோது, ஒன்றாம் வகுப்பு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் வண்டிபோல் மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. முன்னால் புஷ்பலதா டீச்சர், கையில் சாக்பீஸோடு. கடைசியில் சாவித்ரி டீச்சர், இடுப்பில் விக்கியின் தங்கை.

தினகரன் சார் சுற்றிலும் பார்த்தார். பள்ளி முழுவதும் மைதானத்தில் நின்றது.

"ஒண்ணாம் வகுப்பு உள்ளே இருக்குன்னு உங்களுக்கு யாரு டீச்சர் சொன்னாங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"வெண்ணிலா சொன்னா சார்" என்றார் டீச்சர் மூச்சு வாங்கியபடி. "அப்புறம் எல்லாரும் சொன்னாங்க. கேக்கத்தான் எனக்குக் கொஞ்சம் லேட் ஆயிடுச்சு."

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "பொறுப்பு சாவித்ரி டீச்சர்கிட்டயே இருக்கட்டும்" என்றார். தேவானந்தம் சார்தான் முதலில் கைதட்டினார். ஒன்றாம் வகுப்புக்கும் இனி பாஷை சொல்லித்தருவது என்று அங்கேயே முடிவாயிற்று.

தினகரன் சாருக்கு ஆசை அடங்கவில்லை. "பிரமாதமான யோசனை. இந்தக் கை பாஷை முழுக்க எனக்குக் காட்டுங்க, டீச்சர். மத்த ஸ்கூல்லயும் சொல்றேன்."

விக்கி வெண்ணிலாவைப் பார்த்தான். வெண்ணிலா தரையைப் பார்த்தாள்.

சாவித்ரி டீச்சர் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். முட்டியை மூடிக் காட்டினார். விரலைக் காட்டினார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். மூணே மூணு" என்றார் டீச்சர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

விக்கி ஒரு பெரிய மூச்சு விட்டான். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெண்ணிலாவின் காதோரம் வந்தான்.

"திங்கக்கெழம டீச்சருக்கு மீதியும் சொல்லிக் குடுத்துடலாம்."