ஆசைமானி

ஆயுதபூஜைக்கு நேர்காணி இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்தவன் நான்தான். திரைக்கு வைத்தேன், ஒலிவாங்கிக்கு வைத்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் நாடு தன்பாட்டுக்கு முன்னேறிக்கொண்டிருக்கும். பக்தி முற்றி, யாருமே தொடாத 'தேர்வு' பொத்தானிலும் அப்பிவிட்டேன். விடுமுறையில் சந்தனம் காய்ந்து, பொத்தான் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டது.

விடுமுறை முடிந்து முதல் ஆளாக வந்து உட்கார்ந்த இதழினி என்ற பெண்ணிடம் நேர்காணி, "வாழ்த்துகள், தேர்வாகிவிட்டீர்கள்" என்றது. அதற்கு அப்படியொரு வாக்கியம் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பதறிப்போய் நகத்தால் சுரண்டிப் பொத்தானை விடுவித்தேன். அவள் அதற்குள் வெளியே ஓடிவிட்டாள்.

நேர்காணல் எடுக்கும் இயந்திரங்களைச் செய்து உலகத்துக்கே அனுப்புவதுதான் எங்கள் வளர்ச்சி. அவை பழக ஆட்கள் வேண்டும். அதனால் பட்டம் வாங்கிய பிள்ளைகள் தினமும் வந்து உட்கார்ந்து, நிராகரிக்கப்பட்டு, தினப்படி வாங்கிப் போவார்கள். அது வேலைக் கணக்கில் சேரும். வேலையின்மை ஒழிந்ததற்கு வருடம்தோறும் விழா வேறு.

ஒரே சிக்கல், ஆசையை நடித்தால் இயந்திரம் கற்காது. நாற்காலியில் பொருத்திய ஆசைமானி நாடியைப் பார்த்துச் சொல்லிவிடும். முள் இறங்கினால் தினப்படி கிடையாது. ஆகவே 'இன்னைக்கு உங்களுக்குக் கிடைக்கலாம்' என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அது நான். வீட்டுக்குப் போனதும் முதலில் வாயைக் கொப்பளிப்பேன்.

இதழினி இயந்திரவியல் படித்தவள். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தாள். அப்பாவுக்குப் போன் போட்டு அழுதாள். பிறகு என்னிடம் வந்து, என்ன வேலை, எங்கே உட்காரணும் என்று கேட்டாள். தேர்வானவர் மறுபடி நேர்காணலுக்கு வரக்கூடாது என்பது விதி. ஆக, மாநிலத்தின் ஒரே வேலையில்லாதவளை நான் சந்தனம் பூசி உண்டாக்கியிருந்தேன்.

மேலாளர் தணிகாசலத்திடம் ஓடினேன். தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஓர் இடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தேர்வை ரத்து செய்யத்தான் இருந்தார். ஆனால் செய்தி பரவி, மாநிலம் முழுக்க ஆசைமானிகளில் முள் உச்சிக்குப் போயிருந்தது. தலைமையகம் பூரித்துப்போனது.

"அந்தப் பொண்ணு இங்கயே உக்காந்து வேலை பாக்கணும்யா. வர்றவன் போறவன் எல்லாம் பாக்கணும். அப்பத்தான் முள்ளு இறங்காது," என்றார்.

காலியிடம் எங்கே சார் என்றேன். டீ சாப்பிட்டாச்சா என்று கேட்டபடி என் நாற்காலியைப் பார்த்தார். அப்போ நான் எங்கே போவது என்றேன். பார்க்கலாம் என்றார், மேலே பேசியிருக்கிறேன் என்றார், உங்களைப் போன்ற அனுபவசாலிக்கு இடமில்லாமலா என்றார். பிள்ளைகளிடம் நான் சொல்லும் அதே ரகம்.

மறுவாரம் நானும் வரிசையில் நின்றேன். என்னைப் பார்த்ததும் என் பழைய நாற்காலியிலிருந்து இதழினி எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்து, நாடிப்பட்டையை என் மணிக்கட்டில் மாட்டினாள். எல்லாம் தெரிந்தவன் நான்; ஆனாலும் முள் விறுவிறுவென்று ஏறியது. வெட்கம்கெட்ட நெஞ்சு.

"ஏம்மா, எனக்கு இங்க வேலை கிடைக்குமா?"

சொல்ல வேண்டிய வரியை அவளுக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒலிவாங்கியைக் கையால் பொத்தினாள்.

"கிடைக்காதுண்ணே. ஆனா ஆசைய விட்றாதீங்க, தினப்படி போயிரும்."