முதல் குழி

அறுபது நாளாகியும் ஒரு குஞ்சுகூட வெளியே வரவில்லை என்று ஆமை முட்டைப் பொரிப்பகத்தில் தொண்டு செய்யும் கல்லூரி மாணவி சொன்னபோது, ஓய்வுபெற்ற போலீஸ் ஆய்வாளர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓய்வெல்லாம் பேருக்குத்தான்.

"முதல் குழியில நூத்தியெட்டு ஆமை முட்டை சார். காவல்காரர் அசந்த நேரத்துல யாரோ கிளறியிருக்காங்க. அவரை நிறுத்தச் சொல்லி நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டோம். நாளையோட அவருக்கு வேலை போயிடும்."

"அப்புறம் என்கிட்ட எதுக்கும்மா வந்தே?"

"அவர் பதிலே பேசலை சார். அது உறுத்துது."

கடற்கரைப் பொரிப்பகத்துக்கு ஆய்வாளரின் தங்கை மகளும் வந்தாள். துப்புத் துலக்குவதென்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கம்பி அறுபடலை, நாய்த்தடமும் இல்லை. காவல்காரர்தான் மாமா," என்றாள்.

"ஆளைப் பிடிச்சிட்டுத் தடயம் தேடாதே."

முட்டைக் குழிகள் தேதி வரிசைப்படி கடலோரத்தில் தொடங்கி மேடு நோக்கி ஏறின. முதல் குழி மட்டும் மேட்டில், பன்னிரண்டாம் குழிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆய்வாளர் மண்ணை விலக்கினார். அழுகல் நாற்றம் அடித்தது. முட்டை எடுத்த அன்றே உச்சியில் பென்சில் புள்ளி வைத்து, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி புதைப்பது அங்கே வழக்கம். இந்தக் குழியில் புள்ளிகள் எட்டுத் திக்கும் பார்த்தன. ஒரு முட்டையைப் பிரித்தார். உள்ளே நகமளவு கரு.

"பத்து நாள் வளர்ந்து செத்திருக்கு. புதைச்ச பத்தாம் நாள் யார் காவல்?"

தங்கை மகள் பதிவேட்டைப் புரட்டினாள். "காவல்காரர் லீவு மாமா. சம்சாரத்தை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கார். பொறுப்புல இருந்தது..." மாணவியைப் பார்த்து நிறுத்தினாள்.

"நான்தான்," என்றாள் மாணவி. "கடல் ஏறி வந்துச்சு சார். வாளியில அள்ளி மேட்டுல புதைச்சேன். ஒண்ணுகூட உடையலைன்னு எல்லாரும் கைதட்டினாங்க. புள்ளி முதல் நாளுக்கு மட்டும்னு நெனச்சேன்."

"கரு ஓட்டுல ஒட்டினப்புறம் புரட்டினா செத்துடும்மா. காப்பாத்தத்தான் போனே. அதுல சந்தேகமில்லை."

திருடனைப் பிடித்திருந்தால் அவருக்கு இவ்வளவு அலுப்பாக இருந்திருக்காது. வேலியோரம் நின்ற காவல்காரரைக் கேட்டார். "தெரிஞ்சும் ஏன்யா வாயைத் திறக்கலை?"

"சொன்னா இந்தப் பொண்ணு மறுபடி இங்க வராது சார். எனக்கு வேற வேலை கிடைக்கும். இந்த ஆமைங்களுக்கு வேற யார் வருவா?"

கையெழுத்துப் போட்ட அத்தனை பேருக்கும் நடந்ததை மாணவி கைபேசியில் எழுதி அனுப்பினாள். பிறகு காவல்காரரிடம் போனாள்.

"அண்ணே, நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"