ஜலஜாவின் இலை

ஆடி அமாவாசையன்று நடுப்பகலில் ஜலஜா உடுப்பிப் பேருந்திலிருந்து இறங்கியபோது மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆறு வருடத்துக்கு முன் மும்பைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு ஓடியவள், இப்போதுதான் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கிறாள். அக்கா கமலாட்சி மாசியில் செத்ததற்குக்கூட அவள் வரவில்லை. அந்த வெட்கம் பிடுங்கித் தின்றது.

அண்ணன் சேசப்பன் துண்டை நீட்டினான். "வந்தியா மகாராணி? அக்காவுக்கு முதல் ஆடி. அவளையும் காக்க வெக்காதே."

ஜன்னலில்லாத உள்ளறையில் ஒற்றை விளக்கு. செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டுப் போவது அங்கேதான். சேசப்பன் இலையில் மொறுமொறுப்பான அரிசி ரொட்டியை நொறுக்கிப் போட்டு, கோழிக்குழம்பை ஊற்றி, ஓரத்தில் ஈரலை வைத்தான்.

"ஈரல் எதுக்குண்ணே? அக்காதான் தொடமாட்டாளே. எப்பவும் என் இலையில தூக்கிப் போட்டுடுவா."

அவன் கை அப்படியே நின்றது.

"பழக்கதோஷம். நீ போனதுலேர்ந்து, ஆடிக்கு ஆடி உனக்கும் ஒரு இலை போட்டா அவ."

"எனக்கா? உயிரோட இருக்கறவளுக்கா?"

"நீ செத்துட்டேன்னு சொல்லிட்டா. சொன்னா சொன்னதுதானே அவளுக்கு? 'ஜலஜா, வந்து சாப்புடு'ன்னு கூப்பிடுவா. கதவைச் சாத்திட்டு அழுவா. ஈரல் வெக்க மட்டும் மறக்கமாட்டா."

"நீ தடுத்திருக்கலாமே, பாவி!"

"அவளையா? நல்லா சொன்னே போ."

ஜலஜா இலையை விட்டுப் பின்வாங்கினாள். மும்பையில் வருடத்துக்கு ஒரு நாள், மழைக்காலத்து நண்பகலில், வெறும் வாயில் கோழிக்குழம்பு ருசிக்கும். அன்று முழுக்கச் சோறு இறங்காது. பித்தம் என்பான் புருஷன். ஐயோ, வருடாவருடம் இங்கே வந்து சாப்பிட்டிருக்கிறேனா?

விளக்கின் முன் கும்பிட்டு விழுந்தாள். "அக்கா, நான் செஞ்சது தப்புதான். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. செத்தவங்க கூட்டத்துலேர்ந்து என்னை விட்டுடு. இனிமே நீ மட்டும் வந்து சாப்புடு."

சேசப்பன் கமலாட்சியின் பெயரை மட்டும் மூன்று முறை கூப்பிட்டான். வெளியே வந்து கதவைத் தாழிட்டான்.

மழை சட்டென்று ஓய்ந்தது.

உள்ளே ரொட்டியை மெல்லும் சத்தம் கேட்டது.

"பூனையாண்ணே?" ஜலஜா அவன் கையை இறுகப் பிடித்தாள்.

"எலி நுழையக்கூட ஓட்டை கிடையாது. பேசாம இரு."

பிறகு ஒரு பெருமூச்சு. அக்காவுடையதேதான்.

சத்தம் அடங்கியதும் சேசப்பன் வழக்கப்படி இருமிவிட்டுக் கதவைத் திறந்தான். விளக்கு அசையாமல் எரிந்தது. இலை வழித்துத் துடைத்தாற்போல் கிடந்தது.

"பாத்தியா? போட்டது ஒரே இலை! கூப்பிட்டவ மட்டும்தான் வந்திருக்கா. தப்பிச்சே!" அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இலையை எடுக்கக் குனிந்தவன் நெற்றியைச் சுருக்கினான்.

"ஈரலையும் காணோமே. அக்காதான் தொடமாட்டாளே, ஜலஜா?"

ஜலஜா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் நாக்கின் மேல், சூடு ஆறாமல், அந்த ஈரல் இருந்தது.